வெட்டுப்புள்ளிக்கு 0.04 கீழே: யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து மருத்துவபீட வாய்ப்பைக் கணிப்பது எப்படி?

மாணவியின் தாய், உரும்பிராய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் முதற்தடவையாகத் தோற்றியிருந்தாள். பெறுபேறு வெளியான நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடந்த முறை யாழ்ப்பாண மாவட்டத்துக்கென வெளியான மருத்துவபீட வெட்டுப்புள்ளிகளுள் மிகக் குறைந்ததோடு ஒப்பிட்டால், அவளுடைய இசட் புள்ளி (மற்றப் பரீட்சார்த்திகளின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணிக்கும் தரப்புள்ளி) 0.04 குறைவாக இருக்கிறது. அவளுக்கு ரியூசன் கொடுத்த ஆசிரியர் ஒருவர், இது கிடைக்காது, காலத்தை வீணாக்காமல் இரண்டாம் தடவைக்கான வகுப்பில் உடனே சேர்த்துவிடுங்கள் என்கிறார். என் மைத்துனரோ, இந்த முறை வினாத்தாள் கடினமாக இருந்தபடியால் வெட்டுப்புள்ளி நிச்சயம் இறங்கும், பயப்படத் தேவையில்லை என்கிறார். இருவரும் எங்கள் நன்மைக்காகவே சொல்கிறார்கள் என்றாலும், எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஓரளவு நம்பகமாக வாய்ப்பை மதிப்பிட வழி ஏதும் உண்டா என்பதை, அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதுமில்லை, நித்திரை கொள்வதுமில்லை.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வட்டுக்கோட்டை

அம்மா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெட்டுப்புள்ளி என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பரீட்சைக்கு முன்னரே தீர்மானித்து வைத்திருக்கும் தகைமை எல்லை அல்ல. இடங்கள் எல்லாம் நிரப்பப்பட்ட பிறகு, அந்த மாவட்டத்திலிருந்து அந்தக் கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவர் பெற்றிருந்த இசட் புள்ளியே வெட்டுப்புள்ளியாக வெளியிடப்படுகிறது. ஆகவே கடந்த முறையின் வெட்டுப்புள்ளி, கடந்த முறை அந்தக் கடைசி இடத்தில் இருந்த ஒரு பிள்ளையின் புள்ளி, அவ்வளவுதான். இந்த முறை அந்த இடத்தில் இருக்கப்போவது வேறொரு பிள்ளை.

அந்தக் கடைசி இடம் எங்கே வருகிறது என்பதை அறிய, இடங்கள் பிரிக்கப்படும் முறையைப் பார்க்க வேண்டும். மாவட்டப் பங்கீடு உள்ள கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதமானவை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. யாழ்ப்பாணமும் அந்த 16க்குள் அடங்குகிறது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சத்து 59 ஆயிரம், யாழ்ப்பாண மாவட்டத்தினுடையது ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம். அந்தக் கணக்கின்படி எங்கள் பங்கு 2.87 வீதம்.

கணக்கு விளங்குவதற்காக, நாடு முழுவதும் 1000 இடங்கள் உள்ள ஒரு கற்கைநெறியை எடுத்துக்கொள்வோம். 400 இடங்கள் திறமை வரிசைக்குப் போகும். மாவட்டங்களுக்குரிய 550இல் 2.87 வீதம் என்றால் எங்களுக்கு ஏறத்தாழ 16 இடங்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் எங்களுக்கு மூன்று அல்லது நான்கு. இதில் பலரும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. திறமை வரிசையில் தெரிவாகும் யாழ்ப்பாணப் பிள்ளைகள் மாவட்ட இடங்களை எடுத்துக்கொள்வதில்லை, அவர்களுக்குப் பின்னால் நிற்பவரிடமிருந்தே மாவட்ட எண்ணிக்கை தொடங்குகிறது. ஒரு வருடம் எங்கள் பிள்ளைகள் 25 பேர் அந்த 400க்குள் வந்தால் மொத்தம் 44 அல்லது 45 பேர் போவார்கள். 18 பேர் மட்டும் வந்தால் 37 அல்லது 38 பேருடன் கதவு மூடப்படும். இரண்டு வருடங்களிலும் மாவட்ட ஒதுக்கீடு ஒன்றுதான், ஆனால் கடைசிப் பிள்ளையின் நிலை ஏழு இடங்களால் மாறிவிட்டது.

ஆகவே இசட் புள்ளியை மட்டும் வைத்துக் கணிக்க வேண்டாம். பெறுபேற்றுப் பத்திரத்தில் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் இருக்கும். அவற்றை இங்கே தாருங்கள், மேலே பேசுவோம்.

உயர்தர மாணவன், கணிதப் பிரிவு, நெல்லியடி

ஐயாவுக்கு நன்றி. நான் அடுத்த பரீட்சைக்குத் தோற்றவுள்ளேன், எனக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க விருப்பம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைகளில் எனக்குக் கிடைக்கும் புள்ளிகளை வைத்து, என் இசட் புள்ளி எவ்வளவாக வரும் என்று இப்போதே கணிக்க முடியுமா? எங்கள் வகுப்பில் சிலர் கைத்தொலைபேசியில் உள்ள ஏதோ ஒரு கணிப்பானில் மூன்று பாடங்களின் புள்ளிகளையும் போட்டு, எனக்கு இரண்டுக்கு மேல் வருகிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பொறியியற்பீட மாணவி, பேராதனை (சொந்த இடம் காரைநகர்)

தம்பி, அந்தக் கணிப்பானை நம்ப வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நான் பரீட்சைக்குப் படித்த காலத்திலும் இதே குழப்பம் எங்களிடையே இருந்தது.

இசட் புள்ளி என்பது, நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரதும் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்துப் பெறுவது. மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கண்டு, அவற்றின் சராசரியை எடுத்தால் வருவதே பெறுபேற்றுப் பத்திரத்தில் உள்ள எண். இலகுவான வினாத்தாள் ஒன்றில் சராசரி 65, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 95 எடுத்தாலும் இசட் புள்ளி 2.00தான். கடினமான வினாத்தாள் ஒன்றில் சராசரி 35, நியம விலகல் 18 என்றால், 90 எடுத்தவருக்கு 3.06 வந்துவிடும். சராசரியும் நியம விலகலும் பரீட்சை நடந்து, நாடு முழுவதற்குமான திருத்தம் முடிந்த பிறகே பிறக்கும் எண்கள். அவை தெரியாமல் எந்தக் கணிப்பானும் எதையும் கணிக்க இயலாது. உங்கள் நண்பர்கள் பார்ப்பது, யாரோ ஊகித்துப் போட்டிருக்கும் சராசரியிலிருந்து வரும் விடையை.

வெளிக்கள நிலையப் பரீட்சையிலும், மொறட்டுவைப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையிலும் பெறுகின்ற இசட் புள்ளியை உண்மையான இசட் புள்ளியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். அங்கே தோற்றுவோர் பெரும்பாலும் தமிழ்மொழி மூல மாணவர்கள். பாடத்திட்டத்தை எல்லோரும் முடித்திருக்கவும் மாட்டார்கள். அந்தக் கூட்டத்தின் சராசரி வேறு, நாடு முழுவதன் சராசரி வேறு.

ஆனால் அந்தப் பரீட்சைகளால் வேறொரு பெரும் பயன் உண்டு. மாவட்ட ஒதுக்கீட்டுக்காக நீங்கள் போட்டியிடப்போவது யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான், அவர்களுள் பெரும்பாலானோர் அதே மண்டபங்களில் அதே வினாத்தாளை எழுதுகிறார்கள். ஆகவே புள்ளியை விட்டுவிட்டு நிலையைப் பாருங்கள். மூன்று நான்கு பரீட்சைகளில் உங்கள் நிலை எந்த வீச்சுக்குள் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். ஒரு பரீட்சையில் 15ஆம் இடம், அடுத்ததில் 60ஆம் இடம் என்று இருந்தால், சராசரி நிலையைவிட அந்த ஏற்ற இறக்கமே உங்களுக்கு முக்கியமான செய்தி. எந்தப் பாடம் உங்களைக் கீழே இழுக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். என் வகுப்பில் இணைந்த கணிதத்தில் மிகச் சிறந்து விளங்கிய ஒருவர், மாவட்ட வரிசையில் எதிர்பார்த்த இடத்துக்கு வராமற் போனதற்கு இரசாயனவியல் மட்டுமே காரணம். மூன்று பாடங்களுக்கும் சம நிறை என்பதால், ஒன்றில் உள்ள ஓட்டையை மற்றது முழுமையாக அடைப்பது மிகவும் கடினம்.

தந்தை, கரவெட்டி

இந்த இழையைப் படிக்கும்போது ஒரு விடயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971ஆம் ஆண்டுக்கான அனுமதியில், பேராதனையின் பொறியியற்பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமாயிருந்தது. மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டிய தரப்படுத்தலுக்குப் பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. எங்கள் அண்ணன்மாருடைய தலைமுறையின் வாழ்க்கை அதோடு மாறியது. இன்று பிள்ளைகள் 0.04 என்று கண்ணீர் வடிக்கும்போது, அந்த 2.87 வீதம் எப்படி வந்தது என்றும் ஒருவர் கேட்க வேண்டும் அல்லவா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வட்டுக்கோட்டை

கேட்க வேண்டும். அதற்கான விடையும் கணக்கிலேயே இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், இன்றைய எல்லைகளுக்குள் அடங்கும் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்து 38 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். அப்போது நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம். எங்கள் பங்கு கிட்டத்தட்ட 5 வீதம். போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் சேர்ந்து அதை 2012இல் 2.87 வீதமாக்கிவிட்டன. 550 மாவட்ட இடங்களில் 27 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 16 கிடைக்கிறது என்று இதைப் படிக்கலாம். ஊரை விட்டுப் போன ஒவ்வொரு குடும்பத்தோடும் இங்கே இருக்கும் பிள்ளையின் இடத்தில் ஒரு சிறு துண்டும் போயிருக்கிறது. எனக்கு இது பெரிய வேதனை.

இருந்தாலும், இந்த வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்த விகிதம் மாறாத எண். கொள்கை சரியா என்பதைத் தனியே விவாதிப்போம். இங்கே அந்த அம்மாவுக்கு விடை வேண்டும்.

தந்தை, சாவகச்சேரி

என் மகனும் உயிரியல் பிரிவுதான், இந்த வருடம்தான் உயர்தர வகுப்பில் சேர்கிறான். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வெட்டுப்புள்ளிகள் எங்களுடையதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்து, அவனைக் கிளிநொச்சியில் உள்ள பாடசாலை ஒன்றுக்கு மாற்றினால் வாய்ப்பு கூடுமா என்று யோசிக்கிறோம். எங்களுக்கு அங்கே காணியும் உறவினரும் உண்டு.

உயிரியல் ஆசிரியை, கிளிநொச்சி

ஐயா, இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் எந்த மாவட்டத்துக்குரியவர் என்பது, பரீட்சைக்கு முற்பட்ட மூன்று வருட காலத்தில் பெரும்பகுதியை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கற்றார் என்பதைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது. கடைசி நேரத்தில் பெயரை மாற்றிப் பதிவதால் பயன் இல்லை, பின்னர் தெரியவந்தால் அனுமதியே இரத்தாகும். பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் அந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

உண்மையாகவே குடும்பத்தோடு வந்து இங்கே இருந்து படித்தாலும், நீங்கள் நினைக்கும் பாதுகாப்பு கிடைக்காது. கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகை 2012இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரத்து 500. கணித ஆசிரியர் மேலே சொன்ன 550 இடங்கள் என்ற உதாரணத்தில் எங்களுக்கு வருவது மூன்றே மூன்று. மூன்று இடங்கள் உள்ள மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி என்பது ஒரு பிள்ளையைப் பொறுத்தது. ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கூடுதலாக வந்துவிட்டால் அது ஒரேயடியாக உயர்ந்துவிடும், அடுத்த வருடம் அதேபோல விழும். கடந்த முறைப் புள்ளியை வைத்துக் கணிப்பது யாழ்ப்பாணத்திலேயே கடினம் என்றால், இங்கே அது இயலாத காரியம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு நெல்லியடியிலும் யாழ்ப்பாண நகரிலும் இருப்பதுபோல ரியூட்டரிகள் இல்லை, சிலர் பேருந்துக்காக ஒரு மணித்தியாலம் காத்திருந்து பாடசாலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கென இருக்கும் மூன்று இடங்களில் ஒன்றை, எல்லா வசதியும் உள்ள பிள்ளை வந்து எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோபத்தில் எழுதவில்லை, அந்தப் பிள்ளைகளின் முகங்களைத் தினமும் பார்ப்பதால் எழுதுகிறேன்.

தந்தை, சாவகச்சேரி

ரீச்சர், நன்றி. விதியைப் படித்தோம். மகன் இங்கேயே படிப்பான்.

மாணவியின் தாய், உரும்பிராய்

தாமதத்துக்கு மன்னிக்கவும். மகளின் மாவட்ட நிலை உயிரியல் பிரிவில் 58. அவளுடைய தோழியருள் இருவரின் விவரங்களையும், அவர்களின் சம்மதத்தோடு, பெயரில்லாமல் தருகிறேன்: ஒருவருக்கு மாவட்ட நிலை 50, அவருடைய இசட் புள்ளி மகளினுடையதைவிட 0.06 அதிகம். மற்றவருக்கு 70, மகளினுடையதைவிட 0.09 குறைவு. இன்னொரு கேள்வியும் உண்டு. கொழும்பு மருத்துவபீடத்தை முதல் விருப்பமாகப் போட்டால் யாழ்ப்பாண மருத்துவபீடத்துக்கான வாய்ப்பும் போய்விடும், ஆகவே கிடைக்கக்கூடியதை முதலில் போட வேண்டும் என்று சொல்கிறார்கள். அது சரியா?

பொறியியற்பீட மாணவி, பேராதனை

அம்மா, விருப்ப வரிசை பற்றி நான் சொல்கிறேன். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தெரிவு நடப்பது இசட் புள்ளி வரிசையில். உங்கள் மகளின் முறை வரும்போது, அவர் எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, இடம் மீதமிருக்கும் முதலாவது கற்கைநெறி அவருக்கு வழங்கப்படும். முதல் விருப்பத்தில் இடம் இல்லாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தை முதலாவதாகப் போட்ட, ஆனால் புள்ளி குறைந்த ஒருவருக்கு, உங்கள் மகள் அதை மூன்றாவதாகப் போட்டிருக்கிறார் என்ற காரணத்துக்காக அந்த இடம் போய்விடாது. ஆகவே கிடைக்காத ஒன்றை மேலே எழுதுவதால் இழப்பு எதுவும் இல்லை. கிடைக்கக்கூடும் என்று நினைத்து, உண்மையில் அவ்வளவு விரும்பாத ஒன்றை மேலே எழுதுவதில்தான் இழப்பு இருக்கிறது. எதிர்பாராமல் வெட்டுப்புள்ளி இறங்கினாலும், மேலே எழுதியதே உங்களுக்குக் கிடைக்கும், கீழே இருக்கும் உண்மையான விருப்பத்தை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு மேல்வகுப்பில் இருந்த ஒரு அக்கா, வீட்டாரின் கணிப்பை நம்பி மொறட்டுவையைக் கீழே எழுதினார். வெட்டுப்புள்ளி வந்தபோது மொறட்டுவைக்கும் அவருடைய புள்ளி போதுமாயிருந்தது.

வாய்ப்பைக் கணிக்கும் வேலை விண்ணப்பப் படிவத்துக்கு வெளியே இருக்கட்டும். இரண்டாம் தடவை எழுதுவதா, வேறு வழிகளுக்கு ஆயத்தமாவதா என்பதற்கு அது தேவை. படிவத்தில் மனதில் உள்ள வரிசையையே எழுதுங்கள். நீங்கள் ஒருபோதும் போக விரும்பாத கற்கைநெறி எதையும் இடத்தை நிரப்புவதற்காகச் சேர்க்கவும் வேண்டாம், ஏனென்றால் அது கிடைத்துவிட்டால் தெரிவு அத்தோடு நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வட்டுக்கோட்டை

பேராதனைப் பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. இனி எண்களுக்கு வருவோம்.

அம்மா தந்த மூன்று விவரங்களையும் வைத்துப் பாருங்கள். 50ஆம் நிலைக்கும் 70ஆம் நிலைக்கும் இடையே 0.15 வித்தியாசம். இருபது நிலைகளுக்கு 0.15 என்றால், ஒரு நிலைக்குச் சராசரியாக 0.0075. வெட்டுப்புள்ளிக்கும் மகளுக்கும் இடையில் உள்ள 0.04 ஐ இதனால் வகுத்தால், ஐந்து அல்லது ஆறு நிலைகள். அதாவது கடந்த முறை வெட்டுப்புள்ளி அப்படியே இந்த முறையும் வந்தால், 52 அல்லது 53ஆம் நிலையோடு முடியும் என்று கொள்ளலாம். 0.04 என்று தனியே பார்க்கும்போது அது சிறிதா பெரிதா என்று எவருக்கும் தெரியாது. ஐந்தாறு பிள்ளைகள் என்று சொன்னால் விளங்கும்.

இப்போது செய்ய வேண்டியது, கடந்த ஐந்து வருட யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஒரு வருடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவை எவ்வளவு மாறின என்று பார்ப்பது. மாறிய அளவு வழக்கமாக 0.04 ஐ விடப் பெரிதாக இருந்தால், மகள் கோட்டுக்கு அருகே நிற்கிறார், முடிவு எப்பக்கமும் போகலாம். மாற்றம் எப்போதும் 0.01, 0.02 என்ற அளவிலேயே இருந்திருந்தால் வாய்ப்பு குறைவு. இதைச் செய்யும்போதும், இன்னும் பின்னே போய்ப் பார்ப்பதானாலும், சில வருடங்களைத் தள்ளி வையுங்கள். 2011இலும் 2019இலும் பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டும் ஒன்றாகப் பரீட்சிக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டின் இசட் புள்ளியை உயர் நீதிமன்றமே 2012இல் இரத்துச் செய்து மீளக் கணிக்கச் சொன்னது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்ததால், மீண்டும் தோற்றியவர்களுக்குக் கிடைத்த காலமும் மற்றைய வருடங்களைப் போன்றதல்ல. இவற்றை மற்றைய வருடங்களோடு கலந்து சராசரி எடுத்தால் பிழையான படம் வரும்.

மைத்துனர் சொன்னது பற்றியும் ஒரு வார்த்தை. வினாத்தாள் கடினமாக இருந்தால் வெட்டுப்புள்ளி இறங்கும் என்பது, நேரடிப் புள்ளிகளைக் கூட்டிய பழைய காலத்துக் கணக்கு. 2001 முதல் இசட் புள்ளி முறை. மேலே காட்டப்பட்டதுபோல, கடினமான வினாத்தாளில் முன்னணி மாணவர்களின் இசட் புள்ளிகள் கூடவும் செய்யலாம். வெட்டுப்புள்ளியை இறக்குபவை வேறு: மொத்த இடங்கள் அதிகரிப்பது, எங்கள் பிள்ளைகளுள் கூடுதலானோர் திறமை வரிசையில் போவது, மேலே உள்ளவர்கள் வேறு கற்கைநெறியைத் தெரிவது. உயிரியல் பிரிவில் முன்னணி நிலைகளில் உள்ளவர்கள் அநேகமாக எல்லோரும் மருத்துவத்தையே முதலில் எழுதுகிறார்கள், ஆகவே மூன்றாவது காரணம் இங்கே பெரிதாக உதவாது. கணிதப் பிரிவில் அது உதவும், அங்கே பொறியியல், கணினி விஞ்ஞானம் என்று முன்னணியினர் பிரிந்துபோவதால், மாவட்ட நிலையிலிருந்து நேரே வெட்டுப்புள்ளியைக் கணிப்பது கடினமும் கூட. நெல்லியடித் தம்பி இதைக் கவனிக்கவும்.

ரியூசன் ஆசிரியர் சொன்னது முழுத் தவறு அல்ல, ஆனால் கிடைக்காது என்று அடித்துச் சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை.

மாணவியின் தாய், உரும்பிராய்

ஐயா, நீங்கள் சொன்னபடி ஐந்து வருடங்களையும் எழுதிப் பார்த்தோம். மகளே அமர்ந்து எழுதினாள். இரண்டு தடவைகள் மாற்றம் 0.04 ஐ விடப் பெரிது, அவற்றுள் ஒரு தடவை ஏறியிருக்கிறது, ஒரு தடவை இறங்கியிருக்கிறது. மற்றவை சிறியவை. பெறுபேறு வந்ததற்குப் பிறகு முதன்முறையாக, அம்மா, இது ஐந்து பிள்ளைகள்தானே என்று அவளே சொன்னாள்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாமா? இரண்டாம் தடவை வகுப்புக்குச் சேர்ப்பதா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வட்டுக்கோட்டை

என் மதிப்பீட்டை மறைக்காமல் சொல்கிறேன்: வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பாதிக்கும் கீழே. வெட்டுப்புள்ளி இறங்கினாலும் அது மகளைத் தாண்டி இறங்க வேண்டும். வெட்டுப்புள்ளி வெளியான பிறகும், தெரிவானவர்கள் பதிவு செய்யாததால் வரும் வெற்றிடங்கள் நிரப்பப்படும், அப்போது கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் சிலருக்கு அழைப்பு வருவதுண்டு. ஐந்தாறு நிலைகள் என்பது அந்த எல்லைக்குள் வரவும் கூடும், வராமலும் போகலாம்.

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். எந்தப் பாடத்தில் மகள் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறதோ, அதற்காக விண்ணப்பிப்பதில் அர்த்தம் உண்டு.

இரண்டாம் தடவை பற்றி: பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்றலாம், ஆனால் மூன்று பாடங்களின் புள்ளியும் ஒரே தடவையில் பெற்றதாக இருக்க வேண்டும். வாய்ப்பு பாதிக்கும் கீழே என்றால், வெட்டுப்புள்ளி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சரியல்ல. மாதக்கணக்கில் நேரம் போய்விடும். படிப்பைத் தொடரட்டும், ஆனால் முதலில் நன்றாக நித்திரை கொள்ளட்டும்.

உயிரியல் ஆசிரியை, கிளிநொச்சி

அம்மா, விண்ணப்பம் பற்றி நானும் ஒன்று சேர்க்கலாமா? மருத்துவத்துக்குக் கீழே என்ன எழுதப்போகிறீர்கள் என்பதை மகளோடு இருந்து பேசுங்கள். பேராதனையில் பல் மருத்துவமும் மிருக வைத்தியமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் கைதடியில் சித்த மருத்துவம் உண்டு, இங்கே கிளிநொச்சியில் விவசாயபீடமும் உண்டு. இவை மருத்துவம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதற் பரிசுகள் அல்ல. என்னிடம் படித்த ஒரு பிள்ளை விவசாய விஞ்ஞானத்தை விரும்பியே எழுதினாள், இன்று மண் பற்றி அவள் பேசும்போது நாங்கள் வாய் மூடிக் கேட்போம். உங்கள் மகளுக்கு இவற்றுள் எது உண்மையில் பிடிக்கும் என்று அவளிடமே கேளுங்கள். ஒன்றில் பதிவு செய்துவிட்டு மறுமுறை பரீட்சையை வைத்து மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அதற்கான விதிகள் இறுக்கமானவை. பதிவதற்கு முன்னரே கையேட்டில் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

மாணவியின் தாய், உரும்பிராய்

கேட்டேன். எங்கள் வீட்டில் எவரும் எதிர்பாராத விடை வந்தது. மருத்துவபீடங்களை அவள் விரும்பும் வரிசையிலேயே எழுதுகிறாள், கொழும்பு முதலாவது. அதன் பின் மிருக வைத்தியம். எங்கள் மாடு கன்று ஈன்றபோது வந்த மிருக வைத்தியர் கன்றின் கால்களைப் பிடித்துத் திருப்பி எடுத்ததை அவள் பக்கத்திலே நின்று பார்த்தவளாம், எங்களிடம் இதுவரை சொல்லவில்லை. சித்த மருத்துவத்தையும் எழுதுகிறாள். மற்றக் கற்கைநெறிகளை எழுதவில்லை. இரசாயனவியலுக்கு மட்டும் மீள்பரிசீலனை விண்ணப்பித்திருக்கிறோம். வகுப்புக்கு அடுத்த மாதத்திலிருந்து போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வட்டுக்கோட்டை

நல்ல வரிசை. படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய குறியீட்டு இலக்கத்தைக் கையேட்டோடு இருவர் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் சரி பார்க்கட்டும். மிருக வைத்தியத்துக்கும் அதே முறையில் நிலைக் கணக்கைச் செய்து பார்க்கலாம். அதன் ஐந்து வருட யாழ்ப்பாண மாவட்டப் புள்ளிகளையும் எழுதி இங்கே போடுங்கள், 58ஆம் நிலை அதில் எங்கே விழுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.